ஷட்டரில் ஒட்டிய தாள்

ஹடப்சர், புனே
ஏப்ரல் 8, புதன்

மரியாதைக்கும் உதைக்கும் ஒருசேர உரிய ஜெபமணி மாமாவுக்கு,

சுந்தரமூர்த்தி மகள் சுஷ்மா எழுதுவது. இங்கே ஒருத்தரும் நலம் இல்லை. அங்கே நீங்கள் மட்டும் நலமாக இருந்தால் அது நியாயமும் இல்லை. குறைந்தது ஒரு வயிற்று வலியாவது உங்களுக்கு இருக்க வேண்டும் என்று நம் இரண்டு வீட்டுச் சாமிகளிடமும் கேட்டிருக்கிறேன்.

உங்கள் போன் ஒரு வாரமாக அணைந்து கிடக்கிறது. நாசரேத்தில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டு விலாசம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் உறையில் கிடைத்தது. உங்களுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து ஆகாது என்பதால் இந்தக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சமோசாவுக்காக உட்கார்ந்தவள் நான். பிழை இருந்தால் சமோசாவைத் திட்டுங்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றாம் தேதி மத்தியானம் உங்கள் ஆட்கள் ஆறு பேரும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, தகடு அடிக்கிற பெரிய பிரஸ் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, முதலாளியைக் காணோம். காலையில் ஷட்டரில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். கம்பெனி பெயர் போட்டு, சிவப்பு முத்திரை வைத்து. நீங்கள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்களாம், பிறகு உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்களாம். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆட்களில் ஒருவன் பின்னாலிருந்து போனில் படம் எடுத்திருக்கிறான். படத்தில் கீழ்ப்பாதியை உங்கள் வழுக்கை மறைக்கிறது. மேலே முத்திரையும், லோன் என்ற வார்த்தையும், உங்கள் பெயரும் மட்டும் தெரிகின்றன. அதுவே போதுமானதாக இருந்தது. சாயந்திரத்துக்குள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கிற எல்லாப் போனுக்கும் அந்தப் படம் போய்விட்டது. அந்த நோட்டீஸைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. கை வலிக்கிறது.

நமக்கு ஆர்டர் தரும் ரஞ்சன்காவ் கம்பெனி நம்மைப் போன்ற பட்டறை ஷெட்காரர்களை எல்லாம் பார்ட்னர் என்றுதான் கூப்பிடும். பார்ட் பார்ட்டாகக் கழற்றுவதற்கு வசதியான பெயர் என்று நான் சொன்னபோது நீங்கள் டீ புரையேறச் சிரித்தீர்கள். இப்போது சிரியுங்கள், பார்ப்போம். நூறு டன் பிரஸ் வாங்கப் பதினெட்டு லட்சம் கொடுத்தார்கள். பீஸுக்கு இரண்டு ரூபாய் பில்லில் பிடித்துக்கொள்வோம் என்றார்கள். பிறகு அவர்களே ஆர்டரைப் பாதியாக்கினார்கள். பாதியாக்காதது தவணையை மட்டும்தான். மூன்று தவணை நின்றது. பதினான்கு லட்சம் பாக்கி நிற்கிறது. ஒரு பார்ட்னரின் கடனுக்கு இன்னொரு பார்ட்னர் ஜாமீன் என்பது அவர்கள் கண்டுபிடித்த வித்தை. உங்கள் கடன் தாளில் இருப்பது அப்பாவின் கையெழுத்து. அந்த இங்கிலீஷ் முழுவதையும் உங்கள் இருவருக்கும் படித்துச் சொன்னவள் நான். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டியவளும் நான்.

உங்கள் ஆட்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பாவம், அவர்களிடம் பிடித்துவைக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்: கம்பெனியின் டை, பிராக்கெட்டை அடிக்கிற அச்சு. முக்கால் டன் எஃகு. அது திரும்பிப் போகாவிட்டால் ரஞ்சன்காவில் பிராக்கெட் கிடையாது, லைன் நின்றுவிடும். உங்களிடம் ஒன்பது வருஷம் பிரஸ் ஓட்டிய ரஃபீக் பாய்தான் அதற்குச் சங்கிலி போட்டுப் பிரஸ்ஸோடு சேர்த்துப் பூட்டினார். சம்பளத்தைக் கொடு, டையை எடு என்று ஷட்டரில் சாக்பீஸால் எழுதினார். இரண்டு நாள் ஆறு பேரும் உள்ளேயே படுத்தார்கள். அப்பா வடாபாவ் வாங்கிக் கொடுத்துவிட்டு, “மணி வந்துருவான். ஓடுத ஆளா அவன்?” என்று இந்தியில் சொல்லத் தெரியாமல் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தேதி பெரிய வெள்ளி. நீங்கள் இருந்திருந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள், ஷெட்டுக்கு லீவு விட்டிருப்பீர்கள். கம்பெனி ஆட்கள் அதைத் தெரிந்துதான் வந்தார்களோ என்னவோ. பதினோரு மணிக்கு இரண்டு ஜீப், ஒரு ஹைட்ரா கிரேன், கறுப்பு பனியன் போட்ட பதினாலு பேர். கழுத்து என்று ஒன்று அவர்களில் யாருக்கும் இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நான், நம் இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிற வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு நின்றுவிட்டேன்.

கேஸ் கட்டர் வைத்து ஷட்டரை அறுத்தார்கள். உள்ளேயிருந்து ரஃபீக் பாயும் மற்றவர்களும் பிராக்கெட்டுகளை வீச ஆரம்பித்தார்கள். நீங்கள் ஓட்டிய பிராக்கெட்தான் மாமா, ஓரம் தேய்க்காதது. அதன் விளிம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று ஒரு பவுன்சரின் கன்னத்தில் வாயிலிருந்து காது வரை கோடு போட்டது. அவன் கையை வைத்துப் பார்த்தான், விரல் உள்ளே போனது. அதற்குப் பிறகு அவர்கள் கிரேனை எல்லாம் மறந்துவிட்டார்கள். இரும்புக் குழாய்தான். ஷெட்டுக்குள் குழாய் படுகிற சத்தம் இரண்டு விதமாகக் கேட்டது. பிரஸ்ஸில் பட்டால் டங் என்று. ஆளில் பட்டால் சத்தமே அநேகமாக இல்லை.

அப்பா நம் ஷெட்டிலிருந்து ஓடி வந்தார். “ருக்கோ பாய், தாம்பா தாம்பா, அடிக்காதீயடே” என்று மூன்று மொழியிலும் கத்தினார். மூன்றும் அவர்களுக்குப் புரியவில்லை. ரஃபீக் பாயின் தலைக்கு வந்த குழாயைக் கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே கை இன்னொரு முட்டி முளைத்ததுபோல் மடங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த முருங்கைக்காயை ஒடிப்பதுபோல. நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். தூக்குவாளியைத் திறந்து, அம்மா அப்போதுதான் இறக்கிய சாம்பாரை அப்படியே அந்தக் குழாய்க்காரன் முதுகில் ஊற்றினேன். அவன் ஆடிய ஆட்டத்துக்கு எந்தக் கணபதி ஊர்வலத்திலும் மேளம் கிடையாது. திரும்பி என் முடியைப் பிடித்துச் சுவரில் ஒரு தரம் மோதினான். நெற்றியில் நான்கு தையல். இனிமேல் வகிடு எடுக்க எனக்குச் சீப்பு வேண்டாம்.

அதற்குள் ஹைட்ராக்காரன் கொக்கியை மாட்டித் தூக்கிவிட்டான். சங்கிலி இன்னும் பூட்டியிருக்கிறது, எல்லாரும் கத்துகிறோம், எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. டை ஒரு முழம் எழும்பியது. பூட்டைத் திறக்கத்தான் ரஃபீக் பாய் கையை உள்ளே விட்டார் மாமா. டையைக் காப்பாற்றுவதற்கு. பிரஸ்ஸும் சேர்ந்து சாய்ந்துவிடும் என்று. சங்கிலி அறுந்தது, அதன் நுனி ஒருவனின் முழங்காலைக் கொண்டுபோனது, டை ஊசலாடிப் பிரஸ்ஸின் மேடையில் வந்து மோதியது. நடுவில் அவருடைய இடது கை. மூன்று விரல்கள். எண்ணெய்த் தரையில் ரத்தம் ஊறாது, உருண்டு உருண்டு ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மரத்தூளைக் கொட்டினார்கள். டையின் மேலும் கொஞ்சம் கொட்டித் துடைத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், நானும் கூடப் போனேன். அங்கே கம்பெனியின் கடன் பிரிவிலிருந்து ரமேஷ் சார் வந்திருந்தார். கராடி ஆபீஸ்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம், தவணை கேட்டு வரும்போதெல்லாம் உங்களை ஏனுங்க என்று கூப்பிடுவாரே, அவர்தான். போனில் அந்தப் படத்தைக் காட்டி, கம்பெனி இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பவே இல்லை என்றார். முத்திரை போலி. ஜெபமணியைத் தப்பிக்க வைத்து, ஆட்களைக் கிளப்பிவிட்டு, டையை மடக்கிப் போடுவதற்காக யாரோ செய்த வேலை என்று கம்பெனி புகார் எழுதியிருக்கிறதாம். யார் ஒட்டியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்பா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான்தான் ஒட்டினேன் என்றார். இந்தியில், பிழையே இல்லாமல்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள். உங்களுக்கு ஜாமீன் நின்றவருக்கே ஜாமீன், பாருங்கள். ஸ்டேஷனில் யாரும் அடிக்கவில்லை என்று அப்பா சொல்கிறார். அடி வாங்காதவர் ஏன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி மாடி ஏறினார் என்று நான் கேட்கவில்லை. வலது கையில் மாவுக்கட்டு. வீட்டில் இட்லிக்கு மாவு இல்லை, அப்பா கையில் மட்டும் நிறைய இருக்கிறது. எங்கள் பில்களையும் கம்பெனி நிறுத்திவிட்டது. பக்கத்து ஷெட்காரர்கள் எங்கள் ஷெட் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள், கடன் என்பது ஒட்டிக்கொள்ளும் வியாதி மாதிரி.

ரமேஷ் சார் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா கொடுத்த காபியைத் தொடவில்லை. “நம்மூர்க்காரங்கன்னு நம்பி நாந்தானுங்க இந்த லோனுக்கு எழுதிக் குடுத்தேன். இப்ப என்ற சீட்டே ஆடுதுங்க. முப்பதாந் தேதிக்குள்ள அந்தாளு நேர்ல வந்து நின்னா, தவணைய நீட்டிக் கேக்கறதுக்கு எனக்கு ஒரு வாய் இருக்கும். ஓடிப்போன ஆளுக்கு நான் என்னன்னுங்க பேசறது?” என்றார். வராவிட்டால் அப்பாவின் ஷெட்டை எடுத்துக்கொள்வார்கள், போலி முத்திரை கேஸ் கோர்ட்டுக்குப் போகும். போகும்போது வாசலில் நின்று, “பார்ட்னர்ங்கறது செக் கைமாறுற வரைக்குந்தானுங்க” என்று அவராகவே சொல்லிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்.

எனவே வாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஷெட்டில் மீதி இருக்கும் பிராக்கெட்டுகளை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு நான் நாசரேத் வருவேன். என் குறி எப்படி இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்திரத்தோடும் நான்கு தையல்களோடும்,
சுஷ்மா

அம்மா எழுதச் சொன்னது: அண்ணாச்சி, எங்க இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்புடுங்க. இதை எழுத எனக்கு இஷ்டம் இல்லை. அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள்.

ஹடப்சர்
ஏப்ரல் 19, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் மோதிரத்தை விற்று அனுப்பிய எட்டாயிரமும் வியாழக்கிழமை கிடைத்தன. பணத்தை ரஃபீக் பாயின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா கொடுத்துவிட்டாள். கடிதத்தை நான் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நான்கு தரம் படித்தேன். நான்கு தரமும் ஒரே இடத்தில்தான் நின்றேன்.

“ஏட்டி சுஷ்மா, செவப்பு சீலப் பாத்ததும் எனக்குக் கையுங் காலும் ஓடல. நீலம்னா ஆர்டரு, செவப்புன்னா ஆக்கினைன்னு எனக்கு அம்புட்டுதான தெரியும். உங்கப்பன் சரக்கு எறக்க ரஞ்சன்காவ் போயிருந்தான், போனைக் கேட்டுலயே செக்யூரிட்டி வாங்கி வச்சிருவான். ஒனக்குப் பதினோரு வாட்டி அடிச்சேன், படிச்சுச் சொல்லுவேன்னு. நீ எடுக்கவே இல்ல. சரி, வெசயம் தெரிஞ்சு போச்சு, புள்ளைய எடுக்காதேன்னு உங்க வீட்டுலயே சொல்லிட்டாவ, நம்மள வெட்டி விட்டுட்டாவன்னு நெனச்சேன். அதான் யாருகிட்டயும் சொல்லாம வண்டி ஏறிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை இன்னும் பைபிளுக்குள் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அதை எடுத்து, இங்கிலீஷ் தெரிந்த யாராவது ஒரு பிள்ளையிடம் கொடுத்துக் கடைசி வரை படிக்கச் சொல்லுங்கள். மேலே, ஜெபமணி லோன் கட்டவில்லை, ஆகையால் மெஷின் ஜப்தி என்று இருக்கும். உங்கள் வழுக்கை மறைத்த பாதியில் மீதி இருக்கும். முதலாளியின் மீசையும் ஜப்தி, அது ரஞ்சன்காவ் கேட்டில் துடைப்பமாகப் பயன்படும். முதலாளியை உருக்கினால் எத்தனை கிலோ கொழுப்பு தேறும் என்று டெண்டர் கோரப்படுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே, ஏப்ரல் ஃபூல் என்று பெரிதாக.

ஒட்டியது நான் மாமா.

அப்பா ஷெட்டில் கிடந்த கேஸ்கெட் ரப்பரை பிளேடால் வெட்டி முத்திரை செய்தேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது. இங்க் எங்கள் கோச்சிங் சென்டரில் சுட்டது. நீங்கள் தவணை நின்ற கவலையில் இருந்தது எனக்குத் தெரியும்; தெரிந்ததால்தான் அதையே எடுத்துக்கொண்டேன். பயந்தால்தானே சிரிப்பு பெரிதாக வரும் என்று கணக்குப் போட்டேன். போன வருஷம் உங்கள் ஸ்கூட்டர் ஐம்பது ரூபாய்க்கு விற்பனைக்கு என்று உங்கள் நம்பரோடு காடிதள் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேனே. நாற்பது பேர் போன் பண்ணி, நீங்கள் செருப்போடு என்னை மூன்று ஷெட் துரத்தி, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நீங்களே பேல்பூரி வாங்கிக் கொடுத்தீர்கள். இந்தத் தரமும் பேல்பூரியில் முடியும் என்றுதான் நினைத்தேன்.

போன் அடித்தபோது நான் பஸ்ஸில் கோச்சிங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் கோச்சிங் தோழி வைஷு. ஒவ்வொரு தரமும் உங்கள் பெயர் திரையில் வரும், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவோம். எடுடி, எடுடி என்று அவள் கிள்ளினாள். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்றேன். பதினோராவது தரம் அடித்து நின்ற பிறகு அப்புறம் வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மாமா. இவ்வளவுதானா என்று இருந்தது. அதற்குள் நீங்கள் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள்.

ஏன் அப்பா அப்படிச் சொன்னார் என்று தெரியாது என்று எழுதினேன். பொய். போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் படத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஷெட் ரப்பர் அவருக்குத் தெரியாதா, முத்திரை வெட்டியது போக ஓட்டையான ஷீட் அவர் மேஜைக்கு அடியிலேயே கிடக்கிறது. அன்றைக்கு அவர் எல்லாரையும் பார்த்தார். இன்ஸ்பெக்டரை, ரமேஷ் சாரை, மூலையில் படுத்திருந்த நாயைக்கூட. நெற்றியில் கட்டோடு நின்ற என்னை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தேன். முதல் தரம், “கோச்சிங்குக்கு நேரமாச்சு, போ” என்றார். அடுத்த தரம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நேற்று மும்தாஜ் சாச்சி வந்தாள். ரஃபீக் பாயின் மனைவி எங்கள் வீட்டுக்கு வருவது இதற்கு முன்னால் ஈத் அன்று மட்டும்தான், ஷீர்குர்மா பாயசத்தோடு. நேற்று வெறும் கையோடு வந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவள் நேராக வந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். அப்பாவின் கண்ணாடி டைல்ஸில் விழுந்தது. நீ ஒரு காகிதத்தை ஒட்டினாய், என் புருஷன் கை போய்விட்டது, இனி எந்த ஷெட்டில் அவனைச் சேர்ப்பார்கள் என்று இந்தியில் கேட்டுக் கேட்டு அறைந்தாள். இரண்டாவது. மூன்றாவது. கண்ணாடியை அவளே மிதித்தாள், அவள் காலில் குத்தி ரத்தம் வந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அப்பா நல்ல கையை நீட்டித் தடுத்து, “வுடு, அடிக்கட்டும். அவளுக்கு அடிக்கணும்” என்றார். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் நின்றார். உதடு கிழிந்து பனியனில் சொட்டியது. அவள் கை ஓய்ந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவள் காலிலிருந்த கண்ணாடித் துண்டை அம்மாவே எடுத்தாள்.

நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நின்றேன். என் கையை நானே கடித்துக்கொண்டிருந்தேன், தோல் பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த அறைகள் எல்லாம் என் பெயருக்கு வந்தவை. விலாசம் மாறி அப்பாவுக்கு டெலிவரி ஆகிவிட்டன. முன்னே ஓடிப்போய் என் முகத்தைக் கொடுக்க எனக்கு ஐந்து அடி தூரம்தான் இருந்தது. போகவில்லை. அந்தப் பவுன்சர் மேல் சாம்பார் ஊற்றிய வீராங்கனை நான்தான்.

நாளைக் காலை கராடி ஆபீஸுக்குப் போகிறேன். வீட்டில் கோச்சிங் என்று சொல்லிவிட்டு. ரமேஷ் சாரிடம் சொல்லிவிட்டு, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து மும்தாஜ் சாச்சி வீட்டுக்கு. வெட்டிய ரப்பரையும் ஓட்டை ஷீட்டையும் பையில் வைத்திருக்கிறேன். எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, என்ன செய்வார்களோ தெரியவில்லை. நான் சொல்வதால் உங்கள் கடன் குறையாது. ரஃபீக் பாயின் விரல்கள் வராது. அப்பா மேல் நிற்கிற ஒரு பொய்யை மட்டும் இறக்கி வைக்கலாம். ஆனால் தாளின் கீழ்ப்பாதி உங்களிடம்தான் இருக்கிறது. விளையாட்டுக்குச் செய்தது என்று நான் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். முப்பதாம் தேதிக்குள் நீங்கள் நேரில் நின்றால் தவணையை நீட்டிக் கேட்கலாம் என்று ரமேஷ் சார் சொன்னது இப்போதும் அப்படியே இருக்கிறது. நேற்றும் போனில் கேட்டேன்.

ஆனால் அதற்காக மட்டும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் சொல்லிவிட்டது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்காக வாங்கிய அடி அத்தனையும் வீண் என்று ஆகியிருக்கும். அவர் என்னை அடிக்க மாட்டார், அது இன்னும் பயம். அப்பா அம்மாவை ஏளா என்பார், என்னை வா போ என்பார், ஷெட்டில் இந்தி, கம்பெனியில் சார். லே என்று கூப்பிட அவருக்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பதினெட்டு நாளாக எங்கள் வீட்டில் அந்தச் சொல் கேட்கவில்லை. முந்தாநாள் தூக்கத்தில் மட்டும் ஒரு தரம் சொன்னார்.

என்னை மன்னிக்க வேண்டாம். நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள், அது போதும். அவர் உங்களைத் திட்டட்டும், ஊரில் உள்ள கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டட்டும். நீங்களும் விடாதீர்கள், திருப்பித் திட்டுங்கள். எந்த ரயில் என்று சொல்லாமலே வாருங்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு லே கேட்ட பிறகுதான் வீட்டுக்குள் போவேன்.

உங்கள்
சுஷ்மா